அசுவினி பிறக்கும் வரை

என் வீட்டுக்காரர், எனக்குத் தாலி கட்டியவரைத்தான் சொல்கிறேன், வாடகையை ஏற்றுவது ஆடி ஒன்றாம் தேதியில்தான். மற்றவர்கள் தையிலோ சித்திரையிலோ ஏற்றுவார்கள். இவர் ஆனி முடிகிற வரைக்கும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருப்பார். ஆனியில் சொன்னால் குடியிருப்பவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விடுவான். ஆடி பிறந்துவிட்டால் எங்கே போவான்? எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். கூரை ஒழுகினாலும் அண்டாவை வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே தவிர, ஆவணி பிறக்காமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அந்த ஒரு மாதம் ஏறிய வாடகையைக் கொடுத்துப் பழகியவன் அடுத்த மாதமும் கொடுத்துவிடுவான். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சும்மாவா சொல்லிக்கினு போனாங்க" என்பார். அவர் வாய்விட்டுச் சிரிப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

அவர் தொழில் பத்திரம் எழுதுவது. விழுப்புரத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அதைத் தட்டுவதற்கு ஒரு பெண். ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் என்பது சாமிக்குத் தெரிவதற்கு முன்னால் பத்திரம் எழுதுகிறவருக்குத் தெரிந்துவிடும். மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்க வருபவர், அண்ணன் தம்பி சண்டையில் விற்க வருபவர், ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்க வருபவர், எல்லோரும் முதலில் இவர் எதிரில்தான் வந்து உட்காருவார்கள். வாங்க வருகிற ஆளிடம் இவர் பொய் ஒன்றும் சொல்ல மாட்டார். வில்லங்கச் சான்றிதழைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். வந்தவன் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவான். இப்படி இரண்டு மூன்று பேர் போய், விற்கிறவர் அழுகிற நிலைக்கு வந்த பிறகு, "சரி உடு, நானே எடுத்துக்கறேன். உன் பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாது" என்பார். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இப்படி விழுப்புரத்தில் இரண்டு, திண்டிவனத்தில் இரண்டு என்று நாலு வீடு சேர்ந்தது.

நாலு வீட்டின் சொந்தக்காரரும் அவர் பெண்டாட்டியும் குடியிருந்தது வாடகை வீட்டில். விழுப்புரத்தில் ஒரு மாடிப் போர்ஷன், மேலே சிமெண்ட் ஷீட். சித்திரை வைகாசியில் உள்ளே உட்கார்ந்தால் வடகம் காய்வதுபோல் காய வேண்டும். கக்கூஸுக்குப் படி இறங்கிப் போக வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷத்து வாடகை, கூடக் கொஞ்சம் ஏறியிருக்கும், அதற்காகவே அதை விட்டு நகர மாட்டார். முதல் வீட்டை வாங்கியபோது, நாம் அதில் போய் இருக்கலாமா என்று கேட்டேன். "நாம குந்திக்கினா அது வெறும் வீடு. அடுத்தவன் குந்திக்கினாதான் அது சம்பாத்தியம்" என்றார். இரண்டாவது வீட்டுக்குக் கேட்டேன். மூன்றாவதுக்குக் கேட்டேன். நாலாவதுக்குக் கேட்கவில்லை, ஆனால் வேண்டுதல் மட்டும் நிற்கவில்லை. நகை வேண்டாம், பட்டு வேண்டாம், சொந்தமாக ஒரு வீட்டில் நான் குடியிருக்க வேண்டும். என் ஆயுசுக்கு எனக்கு இருந்த ஆசை இந்த ஒன்றுதான்.

வாங்குவது அவர் வேலை, பராமரிப்பது என் வேலை. மோட்டார் ஓடவில்லை என்றால் நான் போக வேண்டும். செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரியைக் கூட்டிக்கொண்டு நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். திண்டிவனம் பஸ்ஸில் ஏறி விக்கிரவாண்டி டோல்கேட்டில் தூங்கி கூட்டேரிப்பட்டில் விழித்துக்கொள்வது எனக்கு அத்துப்படி. குடியிருப்பவர்களை நான் ஒருநாளும் நேசித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் தேடித் தேடி எடுத்த டைல்ஸ் மேல் அம்மிக்கல்லைப் போட்டு உடைப்பார்கள். சுவர் முழுக்க ஆணி. கேட்டால், "நாங்க வரும்போதே இப்பிடித்தாம்மா இருந்துது" என்று பச்சையாகப் புளுகுவார்கள். அவர்கள் குழந்தை பேனாவால் சுவரில் கிறுக்கியிருப்பதைப் பார்த்தால், அந்தக் கையைப் பிடித்து அதே சுவரில் தேய்க்கலாம் போல இருக்கும். ஷீட் வீட்டுக்குத் திரும்பி வருகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

திண்டிவனத்தில் கிளியனூர் போகிற பக்கம் இருக்கிறது நாலாவது வீடு. பாதியில் நின்று போனதை வாங்கினார். கட்டிக்கொண்டிருந்தவர் கடன் தாங்காமல் சுவரோடு விட்டுவிட்டுப் போனது. மிச்ச வேலையை முடிக்கிற பொறுப்பை என்னிடம் விட்டார், அதுதான் அவர் செய்த தப்பு. நான் குள்ளம். எந்த வீட்டுச் சமையல் மேடையிலும் எனக்குத் தோள் வலிக்கும். இந்த வீட்டில் கொத்தனாரை நிற்க வைத்து என் உயரத்துக்கு மேடை போடச் சொன்னேன். கைக்கு எட்டுகிற இடத்தில் அலமாரி, நின்றபடி வாசலைப் பார்க்க ஜன்னல். வேலை முடிந்து பார்க்க வந்தவர் மேடையில் இடுப்பைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஆட்கள் முன்னாலேயே கத்தினார். "குள்ளச்சிக்கு அளவெடுத்துக் கட்டினா எவடி வாடகைக்கு வருவா? நீயா வாடகை குடுக்கப் போற?" கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே கரண்டியைச் சூடு வைத்து அவர் நாக்கில் இழுக்க வேண்டும் போல இருந்தது.

அந்த வீட்டுக்கு முதலில் குடிவந்தவள் நெடுநெடு என்று வளர்ந்தவள். மேடையில் குனிந்து குனிந்து இடுப்பு போச்சு என்பாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அந்த மேடைக்கு இவள் சொந்தக்காரி இல்லை என்று. அவள் புருஷனுக்கு அரிசி மில்லில் வேலை. போன பங்குனியில் அவனுடைய அப்பாவுக்கு வாதம் வந்து படுத்த படுக்கையானார். ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். சேதி என் வீட்டுக்காரர் காதுக்கு வந்த மறுநாளே, என்னையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் போனார். அப்போதே அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது, செருப்பு நுழையவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, இந்த ஐந்து நட்சத்திரத்தில் ஒருவர் செத்தால் அடைப்பு என்பார்கள். உயிர் போன இடத்தை ஆறு மாதம் பூட்டி வைத்து விளக்கு மட்டும் ஏற்ற வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும், அடைப்பில் சாவு விழுந்த வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடும், ஒருவரும் குடிவர மாட்டார்கள். நல்ல நட்சத்திரத்தில் போனால் காரியம் முடிந்ததும் சுண்ணாம்பு அடித்து அடுத்த ஆளைக் குடிவைத்துவிடலாம். சாவு சொல்லிக்கொண்டா வருகிறது? அதனால் வீட்டுச் சொந்தக்காரர்கள் நாள் எண்ணுகிற ஆட்களை உள்ளேயே விட மாட்டார்கள். இதில் என் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எல்லோரும் அப்படித்தான்.

கிழவர் ஹாலில் கட்டிலில் கிடந்தார். அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டே இவர் பேசினார். "தம்பி, உன் மேல எனக்குக் கோவம் இல்ல. பெத்தவர நல்லாப் பாத்துக்கோ. ஆனா ஆவறது உன் ஊர்ல ஆவட்டும். இங்க வாணாம்."

"ஊர்ல யாரும் இல்லைங்க ஐயா. கொஞ்ச நாளுதாங்க."

"அந்தக் கொஞ்ச நாளுதான்டா பேஜாரே."

அவர்கள் செஞ்சிப் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பங்காளி வீட்டு மாட்டுக் கொட்டகையில் இடம் கிடைத்ததாம். சித்திரை முடிவதற்குள் போய்விட்டார். என்ன நட்சத்திரம் என்று என் வீட்டுக்காரர் போன் போட்டு விசாரித்தார். பூசம் என்று தெரிந்ததும், "அடச்சே, இங்கயே உட்டிருக்கலாம்" என்றார்.

ஆனி கடைசியில் அந்த நெட்டைப் பெண் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "நாங்க ஆனியிலயே போறோம்மா. உங்க வீட்டுக்காரரு ஆடிக்குக் காத்துக்கினு இருக்கட்டும்" என்றாள். எங்கள் குடித்தனக்காரர்களிலேயே கணக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆடியில் யாரும் குடிவர மாட்டார்கள் என்பதால் வீடு காலியாகக் கிடந்தது.

அதற்குள் இவருக்குக் கால் வீக்கம் வயிற்றுக்கு ஏறிவிட்டது. கல்லீரல் என்றார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அதற்கு அர்த்தம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஷீட் வீட்டுப் படியில் அவரை நாலு பேர் தூக்கி ஏற்றியபோது, கீழ்வீட்டுச் சொந்தக்கார அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் மேலே வந்தாள்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. இத்தினி வருஷமா இருக்கீங்க, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அண்ணி, நீங்களும் கேட்டுக்கோங்க. கீழ எனக்கு ஆவணியில பேத்தி கல்யாணம் வச்சிருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா... நாலு வீடு வச்சிருக்கீங்க, அதுல ஒண்ணுக்குப் போயிடுங்களேன்."

எனக்கு எழுந்து அவள் கொண்டையைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. அவளைப் படியிறக்கி அனுப்பிவிட்டு உள்ளே வந்தால், என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு பாராட்டு. "சரியாப் பேசறா பாரு. நானா இருந்தாலும் இததான் சொல்லியிருப்பேன்" என்றார்.

"அப்ப திண்டிவனத்துக்குப் போயிடலாங்க. வீடு காலியாத்தான கீது" என்றேன். அது நோயாளிக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று கேட்டால் எனக்காகத்தான்.

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "பைத்தியமாடி உனுக்கு? புது வீடு அது. அதுல பொணம் வுழுந்தா எவன் வருவான்? அண்ணன் வூட்டுக்குப் போன் போடு."

அவர் அண்ணன் விக்கிரவாண்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பயிர் வைத்துக்கொண்டு இருப்பவர். நல்ல மனுஷன்தான். ஆனால், "ஊர்ல காப்புக் கட்டிட்டாங்கம்மா. அம்மனுக்குக் கூழ் ஊத்தி முடியட்டும், அப்புறமாக் கூட்டிக்கினு வா" என்றார். ஊரில் காப்புக் கட்டிய பிறகு சாவு விழுந்தால் திருவிழாவே நின்றுவிடும், அதனால் சாகிற ஆளை யார் உள்ளே விடுவார்கள்? அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டோம், இடம் இல்லை என்றார்கள். மற்ற மூன்று வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள், ஆடியில் அவர்களை அசைக்க முடியாது. அவர் படுத்துச் சாவதற்கு என்று மிஞ்சியது என் மேடை இருக்கிற வீடு ஒன்றுதான்.

நான் வேனுக்குச் சொல்லிவிட்டேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று முனகியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவாதீனமாகப் பேசுகிற வரைக்கும்தான் ஆம்பிளை பேச்சுக்கு மரியாதை. டோல்கேட்டில் வண்டி நின்றபோது டிரைவரின் தோளைத் தொட்டு, "தம்பி, விக்கிரவாண்டியிலயே எங்கியாவது எறக்கி உடுப்பா. ஒரு சத்திரம், கோயில் மண்டபம், எதுன்னாலும் சரி" என்றார். டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தான். "யம்மா, இன்னா பண்றது?" என்றான். "நீ ஜல்தியா ஓட்டுப்பா" என்றேன். கூட்டேரிப்பட்டில் ஆடிக் கிருத்திகைக்காகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன், விரல் மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

என்ன எண்ணினார் என்பது ஹாலில் கட்டிலைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. "காலண்டர் எங்க?" என்றார். நான் கொண்டுவந்திருந்த தினசரிக் காலண்டரைக் கண்ணுக்கு நேராக மாட்டச் சொன்னார். அன்றைக்குத் திருவோணம். மறுநாள் அவிட்டம். "இன்னைக்கே போயிட்டா நல்லது" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, முயற்சியும் செய்தார். அன்று முழுக்கத் தண்ணீர்கூட வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டு, மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல அப்படி ஒரு கிடப்பு. சாவு வரவில்லை. பொழுது போய்விட்டது.

மறுநாள் காலையில் ஆளே மாறிவிட்டார். "கூழ் இருந்தா குடு" என்றார். கேப்பைக் கூழை வாழ்நாளெல்லாம் மாட்டுத்தீனி என்று திட்டிய மனிதர். நான் ஊட்ட ஊட்டக் குடித்தார், பாதி வாந்தி எடுத்தார், துடைத்துவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தார். அவிட்டத்தில் சாகக் கூடாது, சதயத்தில் சாகக் கூடாது, ரேவதி தாண்டுகிற வரைக்கும் எப்படியாவது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அசுவினியில் போனால் வீட்டுக்குச் சேதாரம் இல்லை. பெண்டாட்டிக்காக, பிள்ளைக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வாடகைக்காக உயிரைப் பிடித்தவரை நான் மட்டும்தான் பார்த்திருப்பேன்.

நடுநடுவே, "போர்ட்டிகோவுல கொண்டுபோய்ப் போடு" என்று கெஞ்சுவார். வெளியே செத்தால் வீட்டுக்குள் செத்ததாக ஆகாது என்பது அவர் கண்டுபிடிப்பு. "மழ தூறுதுங்க" என்பேன். தூறவில்லை. ஜன்னல் வழியாக அவருக்கும் வெயில் தெரியும். என்னை முறைப்பார்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மூடி மறைக்கப் போவதில்லை. அவர் அசுவினியில் போனால் வீடு வாடகைக்குப் போய்விடும், நான் ஷீட் வீட்டுக்குப் போக வேண்டும். இந்த ஐந்தில் ஒன்றில் போனால் இந்த வீட்டை ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், அப்போது அது எனக்குத்தான். அதனால் இன்றைக்கே முடித்துக் கொடு என்று மயிலம் முருகனை வேண்டினேன். என் கையால் கூழைக் கரைத்து ஊட்டிக்கொண்டே வேண்டினேன். ஊட்டாமல் விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் ஊட்டித்தானே பழக்கம். அந்த நாட்களில் என் மேடையில் நின்று சமைத்தேன். தோள் வலிக்கவில்லை. ஹாலில் ஒருவர் சாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் மல்லாட்டைக் கடலை வறுத்து நின்றபடியே தின்றேன்.

உத்திரட்டாதி அன்று பெங்களூரிலிருந்து மகன் வந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். சமையல்கட்டில் என்னை, "கொஞ்சம் ஓரமா நில்லும்மா" என்று சொல்லிவிட்டு மேடையைப் படம் எடுத்தான்.

"எதுக்குடா இது?"

"பேங்க்ல வேல செய்யற ஒருத்தரு வீடு கேக்கறாரும்மா. ஆவணி ஒண்ணாம் தேதி வர்றாரு. அப்பாதான் படம் அனுப்பச் சொன்னாரு."

"நான் எங்கடா போவறது?"

"உனக்கு வீடு கீதே, விழுப்புரத்துல. அந்த வாடகைக்கு இன்னைக்கு எவன் வீடு குடுப்பான்?" ரொம்ப அன்பாகத்தான் சொன்னான். அவன் அப்பாவின் மூக்கு, அப்பாவின் குரல், அப்பாவின் கணக்கு. இந்த நட்சத்திரத்தையெல்லாம் நீ நம்புகிறாயா என்று கேட்டேன். "நான் நம்பறனா இல்லயாங்கறது பேச்சு இல்லம்மா. குடிவர்றவன் நம்பறான் இல்ல?" என்றான்.

ரேவதி அன்று காலையில் அவனை அவர் விழுப்புரத்துக்கு அனுப்பினார். ஆடி பிறந்தும் இந்த வருஷம் வாடகை ஏற்றவில்லையே, அங்கே இரண்டு வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வா என்று. மகனும் போனான். பெற்ற அப்பன் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது வாடகை ஏற்றப் போகிறவன் ஒருவன், அனுப்புகிறவர் ஒருவர். நான் வாசலில் நின்று அவன் போவதைப் பார்த்தேன். என் வயிற்றில் பிறந்ததுதானா என்று இருந்தது.

அன்றைக்குக் காலை பத்து மணி வரை ரேவதி, பிறகு அசுவினி என்று காலண்டரில் போட்டிருந்தது. அவருக்கு மூச்சு மேலும் கீழுமாக வாங்கிக்கொண்டிருந்தது. மகன் போன கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

"ரேவதி போயிடுச்சா?"

இரண்டு நாளாக நான் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பி விட்டுவிடுவார், ரேவதியிலேயே போய்விடுவார். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு விஷயத்துக்கு என்னை நம்பி என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னும் இல்லீங்க. புடிச்சிக்கோங்க" என்றேன்.

பிடித்துக்கொண்டார். என் கையை. விரல் நோக, எலும்பு நோகப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. பத்து மணி தாண்டியதும் நானே சொன்னேன்.

"அசுவினி பொறந்துடுச்சிங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

காலண்டரைக் கொண்டுவரச் சொன்னார். கழற்றிக்கொண்டு வந்து காட்டினேன். எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பேங்க் காரரு கிட்ட, மேட கொஞ்சம் தாழ்வாத்தான் இருக்கும்னு சொல்லிடு. அப்புறம் பேச்சு வரக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது, பத்திரம் பதிவாகி வெளியே வருகிறவரின் முகம்.

நான் உடனே யாருக்கும் போன் செய்யவில்லை. கண்ணை மூடிவிட்டு, வாயைக் கட்டிவிட்டு, சமையல்கட்டுக்குப் போய் டீ போட்டுக் குடித்தேன். மகனிடமிருந்துதான் போன் வந்தது, உச்சிவெயில் நேரத்தில்.

"அம்மா, ரெண்டு வீட்லயும் சொல்லிட்டேன். அப்பா எப்பிடி கீறாரு?"

"போயிட்டாருடா."

அவன் அழுதான். உண்மையாகத்தான் அழுதான். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டான், "எப்பம்மா?"

"நீ போன ஒடனே. ரேவதியிலயே போயிட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, அப்பிடியே ஒக்காந்துட்டேன்."

அவன் போனை வைத்தான்.

சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். காப்புக் கட்டியிருந்ததால் அண்ணன்காரர் ஊருக்குச் சொல்லாமல் வந்து தெருவோடு நின்றார். பஞ்சாங்கம் பார்க்கிறவர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்.

"உசுரு போன நேரம் உனுக்கு நல்லாத் தெரியுமாம்மா? பத்துக்கு முன்னயா, பின்னயா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. பின்னன்னா ஒண்ணும் தோஷம் இல்ல."

மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் அப்பாவைப் பார்த்தேன். நெற்றியில் காசு வைத்து, நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

"முன்னதாங்க. ரேவதிதான்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஹாலை ஆறு மாதம் பூட்ட வேண்டும், தினமும் விளக்கேற்ற ஆள் வேண்டும் என்றார் அவர். "வேற யாரு, அவதான் இங்கயே இருந்து ஏத்தணும்" என்றார் அண்ணன்காரர் வெளியில் இருந்தபடியே. மகன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பேங்க் காரருக்காகத்தான் இருக்கும். பாவம், அடைப்பு வீட்டில் இவளைத் தனியாக விட்டுவிட்டு மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதுவரைக்கும் வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். பொய்யாக அழவில்லை. அத்தனை பாடுபட்டு ரேவதியைத் தாண்டிய மனிதர், அவர் ஜெயித்துவிட்டார் என்று ஒருவரிடமும் சொல்ல முடியாதே என்றுதான் அழுதேன்.